வாட்ஸ்அப்பில் சரக்கு விற்கிறோம், வாடிக்கையாளர் மனதில் ஒட்டுவது எப்படி?

கேள்வி: சாயல்குடி வாசகர், 9 ஏப்ரல் 2025

கருப்பட்டியும் சுக்குக் கருப்பட்டியும் வாட்ஸ்அப்பில் விற்கிறேன். தினமும் காலையில் பூப்படத்தோடு வணக்கம் போடுகிறேன். பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் எதையும் விடுவதில்லை. நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. ஒருமுறை வாங்கியவர் மறுபடி வருவதும் குறைவு. வாடிக்கையாளரோடு மனதால் இணையுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போனில் அதை எப்படிச் செய்வது?

9 ஏப்ரல் 2025, இரவு

முதல் வேலையாக அந்தப் பூப்படத்தை நிறுத்துங்கள் தம்பி. நான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் கருவாடு விற்கிறேன், கடையிலும் போனிலும். உங்கள் வாடிக்கையாளருக்குக் காலையில் அதே ரோஜாப்பூ மாமாவிடமிருந்து வருகிறது, பால்காரரிடமிருந்து வருகிறது, இன்சூரன்ஸ் ஏஜென்டிடமிருந்தும் வருகிறது. நான்காவதாக உங்களுடையதும் போய் விழுந்தால் அதில் உங்கள் முகம் எங்கே தெரியும்?

உங்களிடமிருந்து மட்டுமே போகக்கூடிய சேதி எது என்று யோசியுங்கள். இன்றைக்குப் பதநீர் எவ்வளவு இறங்கியது, பாகு பதத்துக்கு வந்துவிட்டதா, விறகு ஈரமா, சிரட்டையில் ஊற்றியாயிற்றா. சென்னையில் நாலாவது மாடியில் இருப்பவருக்கு இந்தச் சேதி வேறு யாரிடமிருந்தும் வராது. நான் அனுப்புவதெல்லாம் இப்படித்தான் இருக்கும்: "வடகடலில் நெத்திலி பட்டிருக்கிறது. இன்றுதான் காயப் போட்டோம். வெயில் நன்றாக இருக்கிறது, புதன்கிழமை பொட்டலம் போடலாம்." வணக்கமும் இல்லை, கும்பிடும் கையும் இல்லை. இதற்குத்தான் பதில் வருகிறது. "அக்கா, பொடி நெத்திலியா பெரிசா?" என்று கேட்டுவிட்டால் போதும், பேச்சு தொடங்கிவிட்டது.

10 ஏப்ரல் 2025

எண்களை மொத்தமாக விலைக்கு வாங்கி அனுப்பினால் ஆகாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகாது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பிராட்காஸ்ட் என்று ஒரே சேதியைப் பலருக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேர்க்க முடியும். அந்த 256 பேரிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். சேமிக்காதவருக்கு அந்த வழியில் நீங்கள் என்ன எழுதினாலும் போகாது. முன்பின் தெரியாத ஆட்களுக்குத் தனித்தனியாக அனுப்பினால் அவர்கள் பிளாக் செய்வார்கள், புகார் கொடுப்பார்கள். அது கூடினால் எண்ணே முடங்கிவிடும்.

அதனால் முதல் பார்சலோடு நான் கேட்கும் ஒரே உதவி, எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். என்ன பெயரில் என்று நான் சொல்வதில்லை. "மண்டபம் அக்கா" என்று ஒருவர், "கருவாடு" என்று மட்டும் ஒருவர். "சீலா" என்று ஒருவர் போட்டிருக்கிறார். மனைவி பார்த்துவிட்டு யார் இந்தச் சீலா என்று வீட்டில் பெரிய ரகளையாம். மறுநாள் அந்த மனைவியே என்னை அழைத்து விசாரித்துவிட்டு, சிரித்துக்கொண்டே அரைக் கிலோ சீலாக் கருவாடு வாங்கினார். இன்றுவரை அந்த வீட்டு ஆர்டர் அவரிடமிருந்துதான் வருகிறது.

10 ஏப்ரல், இரவு

இன்னொன்று. புதுப் பாம்பன் பாலம் 6ஆம் தேதி திறந்த அன்று எனக்கு வந்த சேதிகளைப் பார்த்தால் தெரியும், இங்கிருந்து போனவர்கள் எதற்கு ஏங்குகிறார்கள் என்று. 1914இலிருந்து இருந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோயிற்று. ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. "அக்கா, ரயில் போகுதா? ஒரு வீடியோ போடுங்க" என்று வரிசையாகக் கேட்டார்கள். என் மகன் பைக்கில் போய் எடுத்து வந்தான். விலை, சரக்கு ஒன்றும் எழுதாமல் வீடியோவை மட்டும் அனுப்பினேன். காரைக்குடியில் ஒரு ஐயா, சின்ன வயதில் அப்பாவோடு அந்தப் பாலத்தில் போனபோது கீழே பார்க்கப் பயந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அவர் என்னிடம் வாங்கிய நாளிலிருந்து "1 கிலோ நெத்திலி" என்பதைத் தாண்டி எழுதியதே இல்லை. அன்றைக்கு அவரும் எதுவும் வாங்கவில்லை, நானும் கேட்கவில்லை.

12 ஏப்ரல் 2025

மறுபடி வாங்க வைப்பது பற்றி. ஒரு நோட்டு வாங்குங்கள். செயலியில் லேபிள் இருக்கிறது, புதியவர், பணம் வரவேண்டியது என்று நிறம் நிறமாக ஒட்டலாம். அதுவும் உதவும். ஆனால் ஒருவர் வீட்டில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது லேபிளில் அடங்காது.

என் நோட்டில் இருப்பது இந்த மாதிரி: "திருச்சி அம்மா. உப்புக் குறைவாக. மகனுக்குத் திருக்கை வாடை ஆகாது, தனிப் பொட்டலம்." "கோவை, காரல் மட்டும், பேறுகாலத்து மருமகளுக்கு." குழந்தை பெற்றவளுக்குப் பால் ஊறக் காரல் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அந்தக் கோவை வீட்டிலிருந்து அடுத்த முறை ஆர்டர் வந்தபோது, "மருமகளும் பிள்ளையும் சுகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொன்னேன். உடனே பிள்ளையின் போட்டோ வந்தது. தொட்டிலில் கையை மூடிக்கொண்டு தூங்குகிறது. கருவாடு வாங்கும் இடத்தில் பிள்ளை போட்டோ எதற்கு வரப்போகிறது? கேட்டதால் வந்தது.

கடையில் நேரில் வருபவரிடம் இதை நாம் யோசிக்காமலே செய்கிறோம். அம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே நிறுக்கிறோம். போனில் முகம் தெரியாததால் மறந்துபோகிறது. நோட்டு அதற்குத்தான்.

15 ஏப்ரல் 2025

இன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை, 61 நாள். இன்று காலை நான் அனுப்பியதை அப்படியே போடுகிறேன்:

"இன்று முதல் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் முட்டையிடும் காலம். வல்லமும் நாட்டுப்படகும் போகும், அதனால் நெத்திலி, சூடை கொஞ்சம் கொஞ்சமாக வரும். சீலா, பாறை எல்லாம் கையில் இருக்கும் சரக்குதான், மார்ச்சில் காய்ந்தது. அது தீர்ந்தால் ஜூன் கடைசிக்கு மேல்தான் புதிது. விலை கூடும். கூடும்போது சொல்லிவிட்டுத்தான் கூட்டுவேன்."

வாடிக்கையாளரில் பாதிப்பேருக்கு ஏப்ரலில் விலை ஏன் ஏறுகிறது என்பதே தெரியாது. நாம் ஏமாற்றுகிறோம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். தடை தொடங்கும் அன்றே சொன்னால் கடல் நிலவரம் அவர்கள் வீட்டுக்கும் தெரிந்துவிடுகிறது. அப்புறம் அவர்களே கேட்பார்கள்: "அக்கா, 61 நாள் படகுக்காரங்க என்ன செய்வாங்க?" வலை பின்னுவார்கள், படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பார்கள், அரசு நிவாரணத் தொகைக்குக் காத்திருப்பார்கள் என்று எழுதினேன். கரையில் ஏற்றிய படகின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவதை ஒரு நிமிஷம் படம் எடுத்தும் அனுப்பினேன். அதைத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டியதாக ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார்.

16 ஏப்ரல் 2025

நேற்றைய குறிப்புக்குக் கீழே ஒருவர், "நல்ல உத்தி, சரக்கு தீரப்போகிறது என்று பயமுறுத்தினால் அள்ளிக்கொண்டு போவார்கள்" என்று எழுதியிருக்கிறார். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தீரப்போவது உண்மையாக இருந்தால் சொல்லலாம். கிடங்கில் மூட்டையை வைத்துக்கொண்டு "கடைசி 5 பாக்கெட்" என்று எழுதினால் அது பொய். நேற்று இரண்டு கிலோ சீலா கேட்ட ஒரு அம்மாவிடம், நீங்கள் இருப்பது இரண்டே பேர், உங்கள் ஊர் ஈரத்தில் இரண்டு மாதம் வைத்தால் பூசணம் பிடிக்கும், அரைக் கிலோ வாங்குங்கள், மே மாதம் உங்களுக்கென்று அரைக் கிலோ எடுத்து வைக்கிறேன் என்றேன். எடுத்தும் வைத்துவிட்டேன், பெயர் எழுதி.

20 ஏப்ரல் 2025

குரல் பதிவு பற்றிக் கேட்டிருந்தார்கள். வயதானவர்களுக்கு அதுதான் சரி. எழுத்து தெரியாது, கண்ணாடி தேட வேண்டும். நான் காயப்போடும் இடத்தில் நின்றே பேசுவேன், காற்று இரைச்சல் பின்னால் கேட்கும். அதை யாரும் குறை சொன்னதில்லை. கீழக்கரையில் பிறந்து சென்னையில் இருக்கும் ஒரு பாட்டி, பேத்தியின் போனில் அதை வைத்து வைத்துக் கேட்பாராம். "கச்சான் காத்து அடிக்குதா புள்ள?" என்று திருப்பி அனுப்புவார்.

ஆனால் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசாதீர்கள். எடை, விலை, வங்கிக் கணக்கு, அனுப்பிய தேதி எல்லாம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். பின்னால் தேடினால் கிடைக்கும். அலுவலகத்தில் இருப்பவருக்குக் காலை 11 மணிக்குக் குரல் பதிவு அனுப்பினால் அவர் அதைத் திறக்கவே மாட்டார்.

27 ஏப்ரல் 2025

நேரம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், மலேசியாவும் சிங்கப்பூரும் இரண்டரை மணி நேரம் முன்னால். நாம் இரவு 9 மணிக்கு ஓய்ந்து உட்கார்ந்து அனுப்பும் சேதி மலேசியாவில் இரவு 11.30க்குப் போய் ஒலிக்கிறது. கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பிள்ளைகள் வளைகுடாவில்தான் நிறைய இருக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரைநாள். சவூதி, குவைத், கத்தாரில் வெள்ளியும் சனியும்தான். எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்டால் ஒருவருக்கு வேலை நேரத்திலும் ஒருவருக்குத் தூக்கத்திலும் போய் விழும். நான் நாடு பார்த்துத் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறேன். நோன்பு மாதத்தில் பகலில் யாருக்கும் சாப்பாட்டுப் படம் அனுப்புவதில்லை.

துபாயில் இருப்பவர் தனக்கு மட்டும் வாங்குவதில்லை. "ராத்தா, எங்க உம்மாவுக்கு அரைக் கிலோ நெத்திலி கொண்டுபோய்க் கொடுத்துருங்க, காசு ஜிபேல போடுறேன்" என்பார். அந்த மாதிரி ஆர்டருக்குப் பொட்டலம் போய்ச் சேர்ந்ததும் உம்மா கையில் வாங்கும் படத்தை அனுப்பச் சொல்கிறார்கள். உம்மாவிடம் கேட்டுவிட்டு, அவர் சரி என்றால் மட்டும் எடுங்கள். என் மகன் கொண்டுபோன ஒரு வீட்டில் அந்த உம்மா, "படம் வேணாம்ப்பா, நான் பேசுறேன்னு சொல்லு" என்று சொல்லிப் பத்து வார்த்தை பேசி அனுப்பினார். துபாயில் இருக்கும் அவர் மகனுக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

5 மே 2025

தனியாக எழுத வேண்டிய விஷயம். வெளிநாட்டில் இருக்கும் புது ஆட்கள், கொஞ்ச நாள் நன்றாகப் பழகிவிட்டு, "கடல் அட்டை கிடைக்குமா, காய்ந்ததா இருந்தாலும் பரவாயில்லை" என்று கேட்பார்கள். கடல் குதிரையும் கேட்பார்கள். கடல் அட்டை 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாம் குற்றம். மூன்று வருஷத்துக்குக் குறையாமல் சிறை.

பழக்கத்தை முறிக்கக் கூசிக்கொண்டு "பார்க்கிறேன்" என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் அந்த ஆள் விட மாட்டார். நான் எழுதுவது: "ஐயா, அது சட்டப்படி தடை. நான் செய்ய மாட்டேன், வேறு யாரையும் காட்டவும் மாட்டேன். கருவாடு வேண்டுமானால் சொல்லுங்கள்." சிலர் போய்விடுவார்கள். போகட்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கடலை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

18 மே 2025

புகார் வந்தால் என்ன எழுதுவது என்று கேட்டவருக்கு. போன வாரம் ஒரு பார்சல், வழியில் மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தது. கூரியர் பெயர் வேண்டாம். பாக்கெட் கிழிந்து நெத்திலி நமுத்துவிட்டது. நல்ல நெத்திலியை அள்ளி முறத்தில் போட்டால் சலசலவென்று சத்தம் கேட்கும். வாலைக் கிள்ளினால் பட்டென்று ஒடியும், வயிறு வெள்ளி மாதிரி மின்னும். அந்தப் படத்தில் எல்லாம் வளைந்து பழுப்பேறிக் கிடந்தது.

என் முதல் வரி: "படத்தைப் பார்த்தேன், இதைச் சமைக்காதீர்கள்." அவர் வயிற்றுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, அதுதான் முதல் கவலை. இரண்டாவது வரி: "நாளை வேறு பாக்கெட் அனுப்புகிறேன், பணம் வேண்டாம்." கூரியர் மீதா தப்பு, பேக்கிங்கா என்ற ஆராய்ச்சியெல்லாம் அவருக்கு எதற்கு? அதைக் கூரியர்காரரோடு நான் தனியாகப் பேசிக்கொண்டேன். நமுத்த மீனைப் படம் எடுத்து அனுப்பிய அந்த அம்மா, "இன்னொரு தடவை காசு போடட்டுமா?" என்று மூன்று முறை கேட்டார்.

தானியங்கிப் பதில் வைத்திருப்பவர்கள் கவனம். ஒரு பெரிய கடையில் புடவை வாங்கி, கிழிசலாக வந்தது என்று நான் எழுதியபோது, "உங்கள் அன்புக்கு நன்றி! எங்கள் புதிய ஆடித் தொகுப்பைப் பாருங்கள்" என்று நொடியில் பதில் வந்தது, கூப்பிய கைப்படத்தோடு. எனக்கு வந்த கோபம் கிழிசலால் வந்ததைவிடப் பெரிது. என் செயலியில் இரவு 9க்கு மேல் போகும் தானியங்கிப் பதில் ஒன்றுதான்: "தூங்கப் போய்விட்டேன். காலை 7 மணிக்குப் பார்த்துப் பதில் போடுவேன்." பார்த்துவிடுவேன்.

கட்டணம் கட்டிப் பெரிய அளவில் நடத்துபவர்களுக்கு வாட்ஸ்அப்பே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்தான் நம் இஷ்டப்படி எழுதலாம், அதற்கு மேல் முன்கூட்டியே அனுமதி வாங்கிய வாசகம்தான் போகும். சின்னச் செயலியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனாலும் அவர் வாய் திறந்த அன்றே பதில் போட வேண்டும் என்பதை நான் விடுவதில்லை.

19 மே 2025

ஏப்ரல் 12ஆம் தேதி நோட்டு பற்றி எழுதியதற்கு ஒரு வரம்பு சேர்க்க வேண்டும். அவர்களே சொன்னதை மட்டும் எழுதுங்கள். அவருடைய முகநூலில் போய்ப் பார்த்துவிட்டு "ஊட்டி போய் வந்தீங்களா?" என்று கேட்டால் யாருக்கும் பயம்தான் வரும். நோயைப் பற்றி எழுத வேண்டாம், "உப்புக் குறைவு" என்பதே போதும். நோட்டு கடையில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் கிடக்கக் கூடாது.

7 ஜூன் 2025

இதை எழுதலாமா என்று யோசித்தேன். கேள்வி கேட்ட தம்பிக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு வாடிக்கையாளர், ஓய்வுபெற்றவர், திருக்கைக் கருவாடு என்றால் உயிர். மார்ச்சிலிருந்து சேதி இல்லை. தடைக்காலத்துச் சேதியும் அவர் பட்டியலில் இருந்ததால் போயிருந்தது. மே மாதத்தில் அவர் எண்ணிலிருந்து அவர் மனைவி எழுதினார்: "அவர் தவறிவிட்டார். நீங்கள் அனுப்பும் கடல் படம் எல்லாம் எனக்குக் காட்டுவார்."

அன்றே அழைத்துப் பேசினேன். மதினி என்று கூப்பிட்டுத்தான் பேச வந்தது. அவர் எண்ணை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். துக்க வீட்டுக்கு விலைப்பட்டியல் போகக் கூடாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் ஒருமுறை, "எப்படி இருக்கீங்க மதினி, சாப்பிடுறீங்களா?" என்று எழுதினேன். நேற்று அவரே, "கடல் படம் மட்டும் அனுப்புங்க, மீன் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். அப்படியே அனுப்புகிறேன். இனி அவர் ஒரு ரூபாய்க்கு வாங்காவிட்டாலும் அனுப்புவேன்.

8 ஜூன் 2025

இத்தனை பேரோடு இப்படிப் பேசினால் வியாபாரம் செய்ய நேரம் எங்கே என்று ஒருவர். நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. "விலை?" என்று ஒரே சொல்லில் கேட்பவருக்கு விலை, எடை, அனுப்பும் நாள், மூன்று வரியில் பதில். அவருக்கு அவசரம், அதை மதிப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. அவரிடம் போய்க் குடும்ப நலம் விசாரித்தால் ஓடிவிடுவார். பேச விரும்புபவர் தானே இரண்டாவது வரி எழுதுவார். அந்த இரண்டாவது வரிக்குத்தான் நான் நேரம் வைத்திருக்கிறேன், காலை வெயில் ஏறும் முன்பும், மாலையில் கருவாட்டை அள்ளிய பிறகும்.

16 ஜூன் 2025

தடை முடிந்தது. படகுகள் ஐஸ் ஏற்றி, டோக்கன் வாங்கிப் புறப்படும் வேளை. கரையில் இரைச்சலாக இருக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

சாயல்குடித் தம்பி எழுதியிருக்கிறார்: பூப்படத்தை நிறுத்திவிட்டாராம். பாகு கொதிக்கும்போது அவர் அம்மா துடுப்பால் கிண்டுவதை எடுத்து அனுப்பியதில், "அம்மாவுக்கு வெக்கை தாங்குமா, மோர் கொடுங்க" என்று பதில்கள் வந்தனவாம். இப்போது பேச்சு நிறைய, ஆர்டர் குறைவாக இருக்கிறது, எப்படிக் கேட்பது என்கிறார்.

கேளுங்கள் தம்பி, கூச்சமே வேண்டாம். நீங்கள் விற்பவர் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அம்மாவைப் பற்றி அவர் கேட்ட வரிக்கு அம்மாவைப் பற்றி மட்டும் பதில் எழுதுங்கள், விலையை அதோடு ஒட்டாதீர்கள். விலைச் சேதிக்கு வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொண்டு, அன்றைக்கு இத்தனை கிலோ இருக்கிறது, இந்த விலை, இந்த நாள் அனுப்புவேன் என்று நேராக எழுதுங்கள். போன வருஷக் கருப்பட்டியும் கலந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், பழைய கருப்பட்டி தேடி வாங்குபவரும் உண்டு. மழைக்காலத்தில் இளகாமல் வைக்க வழி கேட்பார்கள், காற்றுப் புகாத டப்பாவில் போடச் சொல்லி ஒரு குரல் பதிவு அம்மாவையே பேசச் சொல்லி எடுத்து வையுங்கள். எனக்கும் இரண்டு கிலோ போடுங்கள், ஒரு கிலோ சுக்கு போட்டது. முகவரியைத் தனியாக அனுப்புகிறேன். மோர் கொடுத்தீர்களா அம்மாவுக்கு?